சவுத்டேல் மால், ஈடைனா: போன கடைகள், வந்த கடைகள், மிஞ்சிய முற்றம்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், மினியாபொலிஸுக்குத் தெற்கே ஈடைனா என்ற புறநகரில், ஃபிரான்ஸ் அவென்யூவுக்கும் யார்க் அவென்யூவுக்கும் நடுவில் இருக்கிறது சவுத்டேல் சென்டர். திறந்த நாள் 1956 அக்டோபர் 8. மேலே கூரை, உள்ளே ஆண்டு முழுக்க ஒரே வெப்பநிலை, எஸ்கலேட்டர் இணைக்கும் இரண்டு தளங்கள், நடுவில் பெரிய முற்றம், முற்றத்துக்கு இருபுறமும் எதிரெதிராக இரண்டு பெரிய கடைகள், சுற்றிவர கார் நிறுத்துமிடம். மால் என்றதும் இன்று மனதில் வரும் இந்த அமைப்பு மொத்தமாக ஒன்றுசேர்ந்தது இங்கேதான். விஸ்கான்சின் மாநிலத்து ஆப்பிள்டனில் 1955-லேயே வேலி ஃபேர் என்று கூரை போட்ட கடை வளாகம் ஒன்று வந்துவிட்டதால் ‘முதல் மால்’ என்ற பட்டத்துக்கு அவர்களும் உரிமை கோருகிறார்கள். இருக்கட்டும். பின்னால் வந்தவர்கள் பார்த்துப் பார்த்துக் கட்டியது சவுத்டேலைத்தான்.

கடைகளின் எண்ணிக்கையை வைத்து இந்த மாலை மதிப்பிடுவது சரியாக இருக்காது. அதற்கு காரில் கொஞ்ச நேரத்திலேயே எட்டிவிடும் தூரத்தில், ப்ளூமிங்டனில், மால் ஆஃப் அமெரிக்கா இருக்கிறது. சவுத்டேலில் பார்க்க வேண்டியது வேறு. எந்த மூலையில் எந்தக் கடை இருந்தது, ஏன் போனது, அந்த இடத்தை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டுக்கொண்டே சுற்றினால், அமெரிக்கப் புறநகர் வியாபாரத்தின் எழுபதாண்டுக் கணக்கும் ஒரே கட்டடத்துக்குள் கிடைத்துவிடும். அந்த வகையில் இதற்கு ஈடாக இன்னொரு மால் கிடையாது.

கட்டியவர்கள் டேட்டன் குடும்பத்தார். மினியாபொலிஸ் நகரின் நிக்கொலெட் அவென்யூவில் இருந்த டேட்டன்ஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோர் அவர்களுடையது. மக்கள் புறநகருக்குக் குடிபெயர, கடையும் பின்னாலேயே போக வேண்டியிருந்தது. வடிவமைப்பை விக்டர் க்ரூனிடம் கொடுத்தார்கள். வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர், ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் நுழைந்த 1938-இல் அமெரிக்காவுக்கு வந்தவர். டெட்ராய்ட் அருகே 1954-இல் திறந்த நார்த்லேண்ட் சென்டர் இவருடைய வேலைதான், ஆனால் அது திறந்தவெளி வளாகம். மினசோட்டாவில் அது எடுபடாது என்று க்ரூன் கணக்குப் போட்டார். கடைத்தெருவில் சௌகரியமாக நடக்கும்படி வானிலை இருக்கும் நாட்கள் இங்கே ஆண்டுக்கு 126 மட்டுமே. மீதி நாட்களில் பனி, மழை, அல்லது கொளுத்தும் வெயில். கூரை போட்டால் 365 நாளும் வியாபார நாள். சுமார் 2 கோடி டாலர் செலவில் 72 கடைகளும் 5,200 கார்களுக்கு இடமுமாகக் கட்டி முடித்தார்கள். திறப்பு நாளன்று 75,000 பேர் வந்தார்கள்.

கூரை போட்டால் செலவு எகிறும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அதிலேயே மிச்சமும் உண்டு. வெளியே குளிர் இல்லை என்றால் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனியாகக் கனமான முகப்பு, கதவு, வெப்பமூட்டும் கருவி வேண்டியதில்லை. நடைபாதையைப் பார்த்து முழுசாகத் திறந்தே வைக்கலாம். வாடிக்கையாளர் ஒரு கதவைத் தள்ளி உள்ளே போகலாமா என்று யோசிக்கும் அந்த ஒரு நொடித் தயக்கமும் போய்விடுகிறது. மொத்தக் கட்டடத்துக்கும் பொதுவாக, சூடாக்கவும் குளிர்விக்கவும் செய்யும் ஹீட் பம்ப் அமைப்பு, உள்ளே 24 டிகிரி செல்சியஸ். இன்றைக்கு எந்த மாலில் முகப்பே இல்லாத கடையைப் பார்த்தாலும் அதன் ஊற்றுக்கண் இந்தக் கணக்குதான்.

சவுத்டேலின் உண்மையான புத்திசாலித்தனம் கார் நிறுத்துமிடத்தில் இருக்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் அதைக் கவனிப்பதே இல்லை. மாடியில் கடை போட்டால் வியாபாரம் நடக்காது என்பது வியாபாரிகளின் பழைய அனுபவம். தரைத்தளத்தில் நுழைந்தவர்களில் பாதிப் பேர் கூட மேலே ஏற மாட்டார்கள், அதனால் மாடி வாடகை இறங்கும், நல்ல கடைகள் வராது, மாடி இன்னும் வெறிச்சோடும். க்ரூன் இதற்குச் செய்த வேலை எளிமையானது. மாலைச் சுற்றி நிலத்தைச் சரிவாக அமைத்து, ஒரு பக்கம் நிறுத்துபவர்கள் நேராகக் கீழ்த்தளத்துக்குள்ளும், இன்னொரு பக்கம் நிறுத்துபவர்கள் நேராக மேல்தளத்துக்குள்ளும் நுழையும்படி செய்தார். இரண்டு தளமும் ‘தரைத்தளம்’ ஆகிவிட்டது. கீழே வந்தவர் எஸ்கலேட்டரில் மேலே போய் ஒரு சுற்று, மேலே வந்தவர் கீழே இறங்கி ஒரு சுற்று. அதே 72 கடைகளை ஒரே தளத்தில் பரப்பியிருந்தால் நடை தூரம் இரட்டிப்பாகியிருக்கும். சரக்கு லாரிகள் வாடிக்கையாளர் கண்ணில் படாமல் நிலத்தடி வழியாக வந்து இறக்கிவிட்டுப் போகவும் ஏற்பாடு செய்திருந்தார்கள். நிறுத்துமிடத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு விலங்கின் பெயரும் படமும் வைத்ததும் நல்ல யோசனை. எண்ணை மறந்தாலும் விலங்கை மறக்க மாட்டார்கள்.

முற்றத்துக்கு வருவோம். ‘நிரந்தர வசந்தத்தின் தோட்ட முற்றம்’ என்று அதற்குப் பெயரிட்டிருந்தார்கள். மேலேயிருந்து பகல் வெளிச்சம், மீன்கள் நீந்தும் குளம், 21 அடி உயரப் பறவைக்கூண்டு, மாடங்களிலிருந்து தொங்கும் செடிகள், நடுவே ஒரு காபிக்கடை, சிற்பி ஹாரி பெர்டோயா செய்த பொன்னிற உலோக மரங்கள். மினியாபொலிஸ் சிம்பனி இசைக்குழுவுக்காக நடக்கும் பெரிய நடன விருந்துகூட இந்த முற்றத்தில் நடந்திருக்கிறது. வெளியே உறைபனி, உள்ளே செடிகொடி என்ற அந்த வேறுபாடே அன்றைக்குப் பெரிய ஈர்ப்பு. எல்லோரும் மயங்கிவிடவில்லை. திறந்த சில வாரங்களிலேயே வந்து பார்த்த கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட், கிராமத் தெருவின் கெடுதல்கள் எல்லாம் இங்கே இருக்கின்றன, அதன் அழகு மட்டும் இல்லை என்ற பொருளில் கடுமையாகவே பேசினார். வெளிப்புறத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஜன்னலே இல்லாத நீண்ட சுவர்கள், அதைச் சுற்றித் தார்த்தளம். எல்லா அழகையும் உள்ளே வைத்துவிட்டு வெளியே முதுகைக் காட்டும் கட்டடம் இது. உலகெங்கும் நகலெடுத்தவர்கள் இந்த முதுகையும் சேர்த்தே நகலெடுத்தார்கள்.

தொடக்கத்தில் இருந்த கடைகளின் கலவை, இன்றைய மால் பழக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு வியப்பாக இருக்கும். துணிக்கடை, செருப்புக்கடைகளோடு உல்வொர்த் மலிவுவிலைக் கடை, வால்கிரீன்ஸ் மருந்துக்கடை, ரெட் அவுல் மளிகைக்கடை எல்லாம் உள்ளேயே இருந்தன. அன்றாடத் தேவை எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் முடித்துக்கொள்ளும் ஊர் மையம் என்பதுதான் எண்ணம். ஆனால் மளிகை வாங்க வருபவர் வாசலருகே காரை நிறுத்தி, தள்ளுவண்டியோடு நேராகக் காருக்குப் போக விரும்புகிறார். துணி வாங்க வருபவர் இரண்டு மூன்று மணி நேரம் சுற்றுகிறார். இருவருக்கும் ஒரே நிறுத்துமிடம் ஒத்துவராது. மளிகையின் மெல்லிய லாபமும் மாலின் வாடகைக்குத் தாங்காது. அமெரிக்க மால்களை விட்டு மளிகையும் மருந்தும் மெல்ல வெளியேறி, சாலையோரத் தனிக் கட்டடங்களுக்குப் போனதற்கு இதுதான் காரணம். அவை போனதும் மாலுக்கு வாரம் இருமுறை வரும் ஆட்கள் குறைந்து, மாதம் ஒருமுறை வரும் ஆட்களே மிஞ்சினார்கள்.

இனி பெரிய கடைகள். இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மாலின் உயிர் ‘ஆங்கர்’ எனப்படும் இந்தப் பெரிய கடைகளைப் பொறுத்தது. ஆங்கர் கடைகள் வழக்கமாக மிகக் குறைந்த வாடகை தருகின்றன, அல்லது தங்கள் கட்டடத்தையும் அதன் அடி நிலத்தையும் தாங்களே வைத்திருக்கின்றன. மால் உரிமையாளருக்கு வருமானம் வருவது நடைபாதையோரச் சிறு கடைகளிடமிருந்து. அவர்கள் அடிப்படை வாடகை, பொதுப் பராமரிப்புக் கட்டணம், விற்பனை ஓர் அளவைத் தாண்டினால் அதில் ஒரு பங்கு என்று மூன்று விதமாகக் கட்டுகிறார்கள். பெரிய கடை கூட்டத்தைக் கொண்டுவரும், சிறிய கடை அந்தக் கூட்டத்துக்காக வாடகை தரும் என்பதே ஏற்பாடு. அதனால்தான் பல சிறு கடைகளின் ஒப்பந்தத்தில் ‘கோ-டெனன்சி’ ஷரத்து இருக்கும்: குறிப்பிட்ட ஆங்கர் கடை மூடினால் வாடகையைக் குறைக்க வேண்டும், குறிப்பிட்ட காலத்துக்குள் மாற்றுக் கடை வராவிட்டால் காலி செய்யலாம். ஒரு ஆங்கர் விழுந்தவுடன் மால் சரசரவென்று காலியாவதன் பின்னணி இதுதான். ‘மக்கள் வருவதில்லை’ என்று பொதுவாகச் சொல்வார்கள். மக்கள் நிற்பதற்கு முன்பே ஒப்பந்தங்கள் வேலையைத் தொடங்கிவிடும்.

போட்டிக் கடையை நாமே பக்கத்தில் கொண்டுவந்து உட்காரவைப்பதா என்ற கேள்விக்கு டேட்டன் சகோதரர்கள் துணிந்து ஆம் என்றார்கள். தங்கள் நேரடிப் போட்டியான டொனால்ட்சன்ஸ் கடையை எதிர்ப்புறம் வைத்தார்கள். ஒப்பிட்டுப் பார்த்து வாங்க நினைப்பவர் வேறு எங்கும் போக வேண்டியதில்லை. அந்த டொனால்ட்சன்ஸ் 1987-இல் சிகாகோவின் கார்சன் பிரீ ஸ்காட் கைக்குப் போய் பெயர் மாறியது. 1995-இல் கார்சன்ஸ் தன் மினசோட்டா கடைகளை டேட்டன்ஸின் தாய் நிறுவனமான டேட்டன் ஹட்சனுக்கு விற்க, இங்கே மெர்வின்ஸ் வந்தது. அதாவது ஒரு காலத்துப் போட்டியாளரின் மூலையில் டேட்டன் நிறுவனத்தின் இன்னொரு கடையே வந்து உட்கார்ந்தது. மெர்வின்ஸ் 2004-இல் மினசோட்டாவை விட்டே போனது. 2011-இல் ஹெர்பெர்கர்ஸ் வந்தது. அதன் தாய் நிறுவனமான பான்-டான் திவாலாகி 2018-இல் எல்லாக் கடைகளையும் மூடியபோது அதுவும் மூடியது. இப்படிப் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் காரணம் ஈடைனாவில் இல்லை. ஒவ்வொன்றும் வேறு ஊரில், வேறு மேசையில் எடுத்த முடிவு. உள்ளூரில் நன்றாக ஓடும் கடைகூட நிறுவனத்தின் கடனுக்கு பலியாகலாம் என்பதற்கு இந்த மூலையைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

டேட்டன்ஸ் பக்கம் கதை வேறு மாதிரி. 1990-களின் தொடக்கத்தில் அவர்கள் பக்கத்திலேயே புதிய, பெரிய கடையைக் கட்டிக்கொண்டு, பழைய இடத்தைச் சிறு கடைகளாகப் பிரித்துவிட்டார்கள். பழைய டிபார்ட்மென்ட் ஸ்டோர் இடத்தைக் காலியாக விடாமல் மாலின் நடைபாதையோடு இணைத்தது கெட்டிக்காரத்தனம். 2001-இல் டேட்டன்ஸ் என்ற பெயரையே எடுத்துவிட்டு மார்ஷல் ஃபீல்ட்ஸ் என்று வைத்தார்கள். 2004-இல் அது ‘மே’ என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர் நிறுவனத்துக்கு விற்பனை, 2005-இல் அந்த ‘மே’ நிறுவனமே மேசிஸின் உரிமையாளரான ஃபெடரேட்டட் கையில், 2006 செப்டம்பரில் மேசிஸ். ஐந்தே ஆண்டில் ஒரே வாசலுக்கு மூன்று பெயர்ப்பலகைகள். மினசோட்டாக்காரர்களில் மூத்தவர்கள் இன்றும் அதை டேட்டன்ஸ் என்றுதான் சொல்கிறார்கள்.

மூன்றாவது பெரிய கடை 1972-இல் சேர்ந்த ஜே.சி.பென்னி. அது போன பிறகு நடந்த மாற்றம்தான் சவுத்டேலின் பிற்கால வரலாற்றில் முக்கியமானது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த மாலுக்கு வந்த போட்டிகளில் ஒன்று அதன் சொந்த வீட்டிலிருந்தே கிளம்பியது. டேட்டன் நிறுவனம் 1962-இல் ரோஸ்வில் புறநகரில் முதல் டார்கெட் கடையைத் திறந்தது. தள்ளுபடி விலை, ஒரே தளம், வாசலில் நிறுத்துமிடம். மாலை விட்டுப் போன உல்வொர்த், ரெட் அவுல் வாடிக்கையாளரின் தேவைகளையெல்லாம் டார்கெட் வகைக் கடைகளே பின்னாளில் எடுத்துக்கொண்டன. இன்று சவுத்டேலுக்குப் பக்கத்தில் யார்க் அவென்யூவிலேயே ஒரு டார்கெட் இருக்கிறது. 1966-இல் பி.டால்டன் என்ற புத்தகக்கடைத் தொடரையும் டேட்டன் நிறுவனம் ஈடைனாவில் தொடங்கியது. பின்னாளில் அமெரிக்க மால்களில் அந்தப் பெயர் இல்லாத இடமே இல்லை என்றானது. புது யோசனைகளை முதலில் முயன்று பார்க்கும் இடமாகத் தங்கள் புறநகர்களை அவர்கள் நடத்தியது தெரிகிறது. புறநகர் மால்களையும் ஒன்றோடு நிறுத்தவில்லை. புரூக்டேல் 1962-இல், ரோஸ்டேல் 1969-இல், ரிட்ஜ்டேல் 1974-இல் வந்தன. 1978-இல் மால் தொழிலையே விட்டு, தங்கள் மால்களை ஈக்விட்டபிள் காப்பீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். 2007 முதல் சவுத்டேல் சைமன் ப்ராப்பர்ட்டி குழுமத்தின் பொறுப்பில்.

நாடு முழுக்க மால்கள் இத்தனை வேகமாகப் பெருகியதற்கு சவுத்டேலின் வெற்றி மட்டும் காரணமில்லை. 1954-இல் அமெரிக்க வரிச் சட்டம் மாறி, புதுக் கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே அதிகமாகக் கழித்துக்கொள்ள அனுமதித்தது. கட்டு, வரியை மிச்சப்படுத்து, சில ஆண்டில் விற்று அடுத்ததைக் கட்டு என்பது லாபமான தொழிலாயிற்று. புறநகரின் வெற்று நிலத்தில் புதிதாகக் கட்டுவதற்குச் சாதகமான ஏற்பாடு அது. தேவைக்கு மேல் மால்கள் முளைத்ததன் விலையைத்தான் பிந்தைய தலைமுறை கொடுத்தது. 1992 ஆகஸ்டில் மால் ஆஃப் அமெரிக்கா திறந்தபோது சவுத்டேலின் வாடிக்கையாளர் வட்டம் நேரடியாக அடிபட்டது. சகோதர மாலான புரூக்டேல் அதைவிட மோசமாகச் சரிந்தது: பெரிய கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேற, 2010-இல் மூடி, பெரும்பகுதியை இடித்தேவிட்டார்கள்.

ஒரே குடும்பம் கட்டிய இரண்டில் ஒன்று போனது, ஒன்று நின்றது. ஈடைனா வசதியானவர்கள் வாழும் ஊர் என்பது உண்மை, ஆனால் அது பாதிக் காரணம்தான். மீதிப் பாதியை 1950-களின் வரைபடத்தில் தேட வேண்டும். டேட்டன் குடும்பம் வளைத்துப்போட்டது 463 ஏக்கர். மால் நடுவில், அதைச் சுற்றிக் குடியிருப்புகள், பள்ளி, மருத்துவ மையம், பூங்கா, ஏரி என்று ஒரு முழு ஊரையே க்ரூன் திட்டமிட்டிருந்தார். முதலில் எழுந்தது மால் மட்டும்தான். அக்கம்பக்க நிலத்தின் விலை ஏறியது, துண்டு துண்டாக விற்பனையானது, இடையில் கார் சாலைகளே நிறைந்தன. இந்தக் கோபம் க்ரூனை விடவே இல்லை. வியன்னாவுக்குத் திரும்பிவிட்ட அவர், 1978-இல் லண்டனில் பேசும்போது இந்த மால்களுக்குத் தகப்பன் என்று தன்னைச் சொல்ல வேண்டாம் என்று வெளிப்படையாகவே கைகழுவினார்.

ஆனால் திட்டம் துண்டு துண்டாக, தாமதமாக, வேறு கைகளால் வந்துகொண்டுதான் இருந்தது. 1965-இல் அருகிலேயே ஃபேர்வியூ சவுத்டேல் மருத்துவமனை. சுற்றிலும் மருத்துவர் அலுவலகங்கள். 2010-களில் மாலின் தார்த்தளத்தின் மேலேயே ஒன் சவுத்டேல் பிளேஸ் அடுக்குமாடிக் குடியிருப்பு, பிறகு தங்கும் விடுதி. ஜே.சி.பென்னி இருந்த இடத்தில் 2019-இல் லைஃப் டைம் நிறுவனத்தின் பெரிய உடற்பயிற்சி மையம், கூடவே பகிர்ந்து வேலை செய்யும் அலுவலக இடம். இவற்றில் எதுவும் ‘கடை’ இல்லை. எல்லாமே வாரம் பலமுறை ஆட்களைக் கொண்டுவருபவை. மளிகையும் மருந்துக்கடையும் போனபோது இழந்த அந்த அடிக்கடி வருகை, குடியிருப்பவர்கள், நோயாளிகள், உடற்பயிற்சிக்காரர்கள் வழியாகத் திரும்பியிருக்கிறது. சவுத்டேல் பிழைத்ததற்கு முதல் காரணம் என்று நாங்கள் கருதுவது இதைத்தான். அண்மை ஆண்டுகளில் வந்த ஆடம்பர பிராண்டுகளை முன்வைத்து மாலின் மறுபிறப்பைப் பேசுகிறவர்கள் உண்டு. அவை வரும், போகும். கார் நிறுத்துமிடத்தில் வந்த வீடுகள் அப்படிப் போகாது.

நேரில் போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். முதலில் வெளியே ஒரு முழுச் சுற்று காரில் போங்கள். எந்த வாசல் எந்தத் தளத்தில் திறக்கிறது என்று பாருங்கள், சரிவின் வேலை அப்போதுதான் புரியும். காரை விட்ட வாசல் எந்தத் தளம் என்பதை நினைவில் வையுங்கள். திரும்பும்போது தளம் மாறி வெளியே வந்தால் உங்கள் கார் இருக்கும் பக்கத்துக்குக் கட்டடத்தைச் சுற்ற வேண்டியிருக்கும், ஜனவரிக் குளிரில் அது விளையாட்டில்லை. உறைந்த சரிவு வழுக்கும், பனிக்காலத்தில் நல்ல பிடிப்புள்ள காலணி அவசியம். பேருந்தில் வருகிறவர்களுக்கு மால் வளாகத்திலேயே மெட்ரோ டிரான்சிட் நிலையம் இருக்கிறது. ஃபிரான்ஸ் அவென்யூ பக்கமிருந்து நடந்து வருவது மட்டும் இன்றும் சிரமம். அகலமான சாலை, பிறகு நிறுத்துமிடம் என்று நடப்பவரை மறந்து போட்ட வடிவம் அது.

உள்ளே நேராக முற்றத்துக்குப் போய், மேல்தளக் கைப்பிடிச் சுவரருகே நின்று பெர்டோயாவின் மரங்களைப் பாருங்கள். மெல்லிய உலோகத் தண்டுகள், அவற்றில் பொன்னிறத் தகடுகள். மேலேயிருந்து விழும் வெளிச்சத்துக்கு ஏற்ப மினுக்கம் மாறும், அதனால் பகலில் போவது நல்லது. பறவைக்கூண்டும் மீன்குளமும் போய்விட்டன. அது பெரிய இழப்பு. வாங்காமலும் உட்காரலாம் என்று முற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது அவற்றால்தான். குளம் என்றால் பராமரிப்பு, பறவை என்றால் சுத்தம், தவிர அந்தச் சதுர அடியில் விற்பனை வண்டி போட்டால் வாடகை வரும். எல்லா மால்களிலும் முற்றங்கள் இப்படித்தான் சுருங்கின. சவுத்டேலில் மரங்களையாவது விட்டுவைத்தார்கள்.

வாங்குவதைப் பொறுத்தவரை, மினசோட்டாவில் ஆடைக்கும் காலணிக்கும் விற்பனை வரி கிடையாது. மற்ற பல பொருள்களுக்கு மாநில வரி 6.875 சதவீதம், அதற்கு மேல் உள்ளூர் வரியும் உண்டு. நகைகளுக்கும் கைப்பைகளுக்கும் அந்த விலக்கு பொருந்தாது, பில்லைப் பார்த்துவிட்டுத் திகைக்க வேண்டாம். வகை வகையாகப் பார்த்து அலைந்து வாங்க வேண்டும், குழந்தைகளுக்கு விளையாட்டும் வேண்டும் என்றால் மால் ஆஃப் அமெரிக்காவுக்கே போங்கள். கூட்டமில்லாமல் இரண்டு மூன்று கடைகளில் நிதானமாகத் துணி எடுக்க சவுத்டேல் மேல். கட்டடத்துக்காகவே போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும், மூன்று பெரிய கடைகளின் மூலைகளையும் ஒவ்வொன்றாக நடந்து பார்த்துவிடலாம்.